உடைக்காத நூறு வெள்ளி

"அண்ணே, இத வாங்கிக்கிட்டுப் பெரிய நோட்டா ஒண்ணு குடுங்கண்ணே" என்று ஐந்தும் பத்துமாகக் கடை மேசையில் பரப்புகிறார் சிங்காரம். தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டுநர். லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டு விற்கிற காசு அது. கம்போங் ராஜாவில் பழனியப்பனின் மளிகைக்கடைக்கு வந்தால், சாமான் வாங்குகிறாரோ இல்லையோ, இது மட்டும் நடந்தாக வேண்டும்.

"சில்லற இருந்தா கை அரிக்கும் லா. பெரிய நோட்ட உடைக்க மனசு வருமா?"

வராது என்பதற்கு, அவர் லாரியில் கூடப் போகிற நானே சாட்சி. ஒருநாள் ரிங்லெட்டில் லாரி பழுதாகி மதியம் முழுக்க நின்றுவிட்டார். எதிரே மீ கோரேங் நூடுல்ஸ் கடை, சட்டைப்பையில் நூறு வெள்ளி நோட்டு. மனுஷன் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்! கஞ்சன் என்று தோட்டத்தில் சிரிப்பார்கள். எனக்கென்னவோ, தன் கையைத் தானே நம்பாதவர் என்றுதான் தோன்றும்.

மகள் வாணி ஒருமுறை அவர் போனிலேயே காசு கட்ட வழி செய்து கொடுத்தாள். பிசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜி, தே தாரே டீ என்று ஒரே வாரத்தில் அத்தனையும் கரைந்தது. "தட்டுனா வலிக்கவே மாட்டேங்குதும்மா. எடுத்துரு" என்று போனை அவளிடமே நீட்டிவிட்டார்.

அந்த வாணி இப்போது ஈப்போவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அனுப்பும்போது மொடமொடவென்று ஒரு நூறு வெள்ளியைக் கொடுத்து, "உடைக்காம வெச்சுக்க" என்றார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. முந்தாநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். கையிலிருந்த சில்லறை தீர்ந்தபிறகு வெறும் பிஸ்கட்டில் நாளை ஓட்டியிருக்கிறாள். பைக்குள் நோட்டு கொடுத்த மாதிரியே இருந்ததாம்.

நேற்று நான் கடையில் நின்றபோது, சிங்காரம் ஈப்போ பஸ் பிடிக்கிற அவசரத்தில் உள்ளே வந்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"உடைக்காதேன்னு சொன்னேண்ணே. பசிச்சா சாப்புடுன்னு சொல்லலியே."

நூறு வெள்ளியை மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் ஒத்த வெள்ளியா, அஞ்சு வெள்ளியா குடுங்க. பழைய நோட்டா இருக்கட்டும். அதுன்னா யோசிக்காம செலவழிப்பா."

பெட்டியில் இருந்தது அன்று பேங்க்கிலிருந்து வந்த புதுக் கட்டுதான். பழனியப்பன் தயங்கித் தயங்கி அதையே கொடுத்தார்.

சிங்காரம் அங்கேயே நின்று, ஒவ்வொரு தாளாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார்.