அரை டோன் மேலே

செல்வராஜின் வாசிப்பை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். பேண்ட் நடத்தப்போகும் பிள்ளைகள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மேடைகளில் என்னைப் பற்றிச் சொல்லும் மற்றவற்றை அதற்குப் பிறகு நம்பலாம்.

இலங்கையில் பெல்மதுளைப் பக்கம், ரப்பர்த் தோட்டத் துரைமாரின் கிளப் ஒன்றில் சனிக்கிழமைதோறும் எங்கள் ஜாஸ் பேண்ட் வாசித்தது. நான் லீடர், டெனர் சாக்ஸஃபோன். செல்வராஜ் ஆல்டோ சாக்ஸ். பகலில் ரப்பர் ஃபேக்டரியில் ஷீட் உலர்த்துவான். நோட்டேஷன் தெரியாது, காதால் கேட்டே சோலோ எடுப்பான். துரைமார் அவனைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள். லீடர் என்ற முறையில் நான் குனிந்து வணக்கம் சொல்வேன்.

அவனைக் கேட்பதற்கென்றே ஒருநாள் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மனேஜர் வந்தார். பிடித்திருந்தால் தன் ஹோட்டல் பேண்டில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவன் போனால் என் பேண்டில் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அவன் சோலோ வரும் பாட்டை எப்போதும் ஈ ஃபிளாட் சுருதியில் வாசிப்போம். ஆல்டோவுக்கு அது விரல் தானாக ஓடும் கீ. அரை டோன் ஏற்றி ஈ-யில் எடுத்தால் எல்லா விரலும் இடம் மாறும். கீ சொல்வது லீடரின் உரிமை, மேடையில் யாரும் மறுப்பதில்லை. மனேஜர் வருவதற்கு முந்தைய வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஈ-யில் பழகினேன். வாழ்நாளில் அவ்வளவு சிரத்தையாகப் பயிற்சி செய்ததில்லை.

பாட்டுக்கு முன் திரும்பி, “ஈ-ல போவோம். பாடுற அம்மாவுக்கு இன்னிக்குக் குரல் ஏறி நிக்குது” என்றேன்.

“அண்ணே, நான் அதுல வாசிச்சதே இல்லீங்களே.”

“காது இருக்குல்லடா உனக்கு. ஒன், டூ.”

சோலோவில் கொஞ்ச நேரம் தடுமாறினான். பிறகு சாக்ஸை வாயிலிருந்து எடுத்துவிட்டான். மிச்சத்தை நான் வாசித்து முடித்தேன்.

“மெயா தவம லேஸ்தி நே, மாஸ்டர்” என்றார் மனேஜர் சிங்களத்தில். அவன் இன்னும் தயாராகவில்லையாம். அந்தக் கீயில் அவ்வளவு லேசாக வாசித்த என்னை வரச் சொன்னார். செல்வராஜ் போய்விடக் கூடாது என்று இவ்வளவும் செய்த நான், அடுத்த மாதமே போய்விட்டேன். பேண்ட் கலைந்தது. அவன் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தான். நான் வெள்ளைக் கோட்டுடன் வயதாகும்வரை ஹோட்டலில் வாசித்தேன்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின், என்னைக் கௌரவிக்க அந்த ஹோட்டல் ஒரு நிகழ்ச்சி வைத்தது. செல்வராஜ் சோலோ வாசித்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, அவன் குடியிருந்த தோட்ட லயத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“தெரியுங்கண்ணே. தன் குரல் ஏறவே இல்லன்னு அன்னிக்கே பாடுற அம்மா சொல்லிட்டாங்க.”

“அப்புறம் ஏன்டா கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? அவங்க தொண்டை அவங்களுக்கே தெரியாதுன்னு சொல்லியிருப்பீங்க.”

வாசிக்க அவனுக்கு ஆசை இருந்தது. அதை மறைக்கவில்லை. வாயைத்தான் திறந்து காட்டினான். மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. சாக்ஸின் மவுத்பீஸ் அந்தப் பற்களில்தான் தாங்கி நிற்கும்.

இரத்தினபுரிக்குக் கூட்டிப்போய்ப் பல் செட் கட்டுவித்தேன். ஒரு நல்ல ஆல்டோவும் வாங்கிக் கொடுத்தேன். ஊதும்போதெல்லாம் செட் நழுவியது. வாத்து கத்துவது போல் சத்தம் வந்தது. பல நாள் முயன்றான். பிறகு சாக்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்து என்னிடமே தந்துவிட்டான். நான் ஹோட்டலுக்குப் போகவில்லை. என் பெரிய படத்தை மேடையில் வைத்து நிகழ்ச்சியை நடத்திவிட்டார்கள். நன்றாக இருந்ததாம்.

லீடராகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கீயை மாற்றுவதற்கு முன் வாசிக்கிறவனைக் கேளுங்கள். பின்னால் ஒருநாள் ஈடுசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நாளில் அவன் வாயில் பல் இருக்காது.

“உங்க புண்ணியத்துல இப்ப இவரு கறி கடிச்சுத் திங்கிறாருங்க” என்று நான் போகும்போதெல்லாம் செல்வராஜின் மனைவி நன்றி சொல்கிறாள். போன ஞாயிறு அவனுக்காக வாசிக்கலாமென்று என் டெனரைக் கொண்டுபோனேன். பெட்டியின் பூட்டில் கை வைத்தபோது அவன் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

“வேணாங்கண்ணே. சாப்பிடுங்க.”