பச்சை வந்தால் கிளம்பு

ஆபீசில் அவருக்குச் சுளிப்பு என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எதைப் பார்த்தாலும் மூக்கும் மேலுதடும் ஒன்றையொன்று தொடப் போவதுபோல் சுருங்கிவிடும். பிறந்தபோது மருத்துவச்சியைப் பார்த்தும் அப்படித்தான் முகம் சுளித்திருப்பார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

வீடு வீடாக இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பதும், படுத்துவிட்டால் போய் எழுப்பிவிடுவதும் அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக மனிதர்களின் டிவிக்குப் பின்பக்கத்தையே பார்த்து வந்திருக்கிறார். முன்பக்கம் கண்ணாடிபோல் துடைத்திருப்பார்கள். பின்பக்கம் முடிச்சுருளும் நகத்துண்டும் பிஸ்கட் தூளும் கிடக்கும். டிவியில் செருகி விளையாடுகிற கேம் பெட்டி இருக்கிற வீடு என்றால் இன்னும் கேவலம். அந்தப் பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. லேசாகத் தட்டினால் தாத்தா முதல் பேரன் வரை இறங்கி ஓடும். அதைத் தொட்ட கையால் எப்படிச் சாப்பிடுவது என்று மனைவியிடம் கேட்பார். "அப்ப சாப்பிடாதீங்க" என்பாள் அவள், தட்டை வைத்துக்கொண்டே.

அழுக்காவது துடைத்தால் போகும். கம்பெனியின் சட்டத்தை நினைத்தால்தான் அவருக்குக் குமட்டும். படம் நின்று நின்று வருகிறது என்று புகார் வந்தால், மோடத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகம் பார்க்க வேண்டும். வேகம் போதும் என்று பச்சை வந்தால் புகாரை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். டிவி இருப்பது நாலு சுவர் தாண்டி என்றாலும் அது கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். குழாயடியில் தண்ணீர் வந்தால் போதும், குடத்தில் விழுந்ததா என்று எவன் பார்த்தான்? ஒரு நாளைக்கு எட்டு வீடு. பயிற்சி வகுப்பில் மேற்பார்வையாளர் இதைப் பாட்டுப்போலச் சொல்லிக் கொடுப்பார்: "பக்கத்துல நில்லு, பச்சை வந்தா கிளம்பு." ஊரை ஏமாற்றும் பிழைப்பு என்று சுளிப்பு தினமும் திட்டுவார். திட்டிவிட்டு எட்டு வீட்டையும் ஏழு மணி நேரத்தில் முடிப்பார். திட்டிவிட்டதால் தன் கணக்கு நேராகிவிட்டது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அந்த வியாழக்கிழமை நாலாவது வீடாக வந்தது மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரியின் வீடு. துணி ஆலையில் மிஷின் மிதிப்பவள். கேம் பெட்டியில் வீடியோ ஓடவில்லை என்று ஏற்கெனவே ஒரே வாரத்தில் மூன்று புகார், மூன்றும் பச்சையில் முடிந்தவை. நாலாவது முறை போக யாரும் தயாரில்லை. மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டு, "நீங்கதான் அண்ணே பக்குவமா பேசி முடிச்சு விடுவீங்க" என்றார். ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தேதான் சுளிப்பு மாடி ஏறினார்.

வாசலில் நின்றபோதே இடம் நினைவுக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் மூன்றாவது புகாரை முடித்துவிட்டுப் போனவர் அவரேதான். அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய தம்பி, கேம் பெட்டிக்குச் சொந்தக்காரன், கதவைத் திறந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். படம் மங்கலாகத்தான் ஓடியது. ஆனால் பின்னணி இசை ஒரு தடங்கலும் இல்லாமல் கேட்டது. "சத்தம் நல்லாத்தானே தம்பி வருது?" என்று கேட்டார் சுளிப்பு. "ம், வருது" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல். பச்சையும் வந்தது. கிளம்பிவிட்டார்.

இன்றைக்குக் கதவைத் திறந்தது அவள்தான். காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் முன் நீட்டினாள். அவருக்காகவே முன்கூட்டி எழுதி வைத்திருந்தது தெரிந்தது.

"எனக்குக் காது கேட்காது. கட்டிங் மாஸ்டர் படிப்பு படிக்கிறேன். ஆசிரியருக்கும் காது கேட்காது. பாடம் முழுக்கச் சைகை மொழி. போனில் பார்த்தால் விரல்கள் பிரித்துத் தெரியாது. டிவியில் நெட் இல்லை, அதனால் தம்பியின் கேம் பெட்டியில் பார்க்கிறேன். ஒவ்வொரு பாடமும் ஒரு வாரம்தான் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். தேர்வு சனிக்கிழமை. தேறினால் ஆலையில் கட்டிங் மேசைக்கு மாற்றுவார்கள். தேறாவிட்டால் மிஷின்தான்."

அவள் ரிமோட்டை அழுத்தினாள். திரையில் ஒரு மனிதர், பின்னால் ஒரு துணி வெட்டும் மேசை. இசை தேனாக வழிந்தது. வேகம் குறைந்தால் பெட்டி தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த மனிதரின் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பழுப்புக் கறைகள் மட்டும் அசைந்தன. விரல் என்று ஒன்று அவருக்கு இருப்பதாகவே தெரியவில்லை.

விரலே பேச்சாக இருக்கிற வீட்டில் வந்து சத்தம் வருகிறதே என்று சொல்லிவிட்டுப் போனவன் நான் என்று நினைத்தார் சுளிப்பு. சொல்லும்போது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக உணர்ந்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. அதுதான் அதிகம் அருவருப்பாக இருந்தது.

மோடம் வாசல் பக்கம் இருந்தது. அதற்கும் கேம் பெட்டிக்கும் நடுவில் இரண்டு சுவர், போதாததற்கு உறைகூடப் பிரிக்காத புது ஆளுயர இரும்பு பீரோ. வைஃபை அதைத் தாண்டி வருவதற்குள் சாரமெல்லாம் போய்ச் சக்கைதான் வந்து சேரும். ஒயர் இழுத்தால் தீர்ந்தது. ஒயர் இழுக்கக்கூட வேண்டாம். கட்டியவன் புண்ணியவான், சுவருக்குள்ளேயே ஒயர் போட்டு, டிவிக்குப் பின்னால் நெட் ஒயர் செருக ஒரு பாயிண்ட் வைத்திருந்தான். அது சுளிப்புக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அதைச் சுற்றிலும் ஒட்டடையும் கரப்பான் முட்டையும் மொய்த்திருந்தன. கையை விட மனசு வரவில்லை. "ஒயர் வசதி இல்லை" என்று எழுதிவிட்டு வந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு நாலு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

கையுறையைத் தேடினார். பையில் ஒன்றுதான் இருந்தது, அதிலும் கட்டைவிரல் கிழிந்திருந்தது. வெறும் கையையே விட்டார். ஏதோ ஒன்று நசுங்கியது. ஏதோ ஒன்று மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஓடி, யோசித்து, திரும்பி வந்தது. அவர் மூக்கு சுருங்கிய சுருங்கலைப் பார்த்து அவள் முதல்முறையாகச் சிரித்தாள். பாயிண்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். வாசலில் மோடத்துக்குப் பின்னால் சுருண்டு கிடந்த மறுமுனையை வெட்டிப் புது முனை அடித்துச் செருகினார். கேம் பெட்டியைக் கவிழ்த்து உதறினார், குடியிருந்தவர்கள் கலைந்து ஓடினார்கள். பாயிண்ட்டிலிருந்து அதற்கு ஒரு துண்டு ஒயர் செருகி, செட்டிங்கில் வைஃபையை எடுத்துவிட்டு ஒயருக்கு மாற்றினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மேற்பார்வையாளர் மூன்று முறை கூப்பிட்டார். சுளிப்பு எடுக்கவில்லை.

அவள் மறுபடியும் ரிமோட்டை அழுத்தினாள். இந்த முறை ஆசிரியருக்குப் பத்து விரலும் இருந்தன. நகத்தில் சாக்பீஸ் தூள்கூடத் தெரிந்தது. அவள் நின்றபடியே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கையும் இடுப்புப் பக்கத்தில் மெல்ல அசைந்தது, படிக்கிறவர்கள் உதடு அசைப்பதுபோல. ஓடியது பத்தாவது பாடம். சுளிப்பு நோட்டைப் புரட்டினார். ஆறாவது பாடம்வரை பக்கம் நிறையக் குறிப்பும் படமும் இருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது என்று தலைப்பிட்ட பக்கங்கள் வெறுமையாக இருந்தன. ஏழாவதின் தேதியைப் பார்த்தார். அவர் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போன நாள். அந்த மூன்று பாடமும் இனி எங்கும் கிடைக்காது.

போகும்போது கருத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் உற்சாகமாக வாங்கி எழுதிக் கொடுத்தாள்:

"இன்று வந்தவர் நல்லவர். போன முறை வந்தவரை இனி அனுப்ப வேண்டாம்."

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்திருக்கலாம். அவளுக்கு என்ன தெரியப் போகிறது? பத்தொன்பது வருஷமாக அவர் செய்து வந்ததும் அதுதான். படியில் இரண்டு அடி இறங்கியவர், தன் மேலேயே வந்த நாற்றம் தாங்காமல் திரும்பி ஏறினார். நோட்டை வாங்கி, அழுக்குக் கையால் எழுதினார்: "போன முறை வந்ததும் நான்தான். அப்போதே இதைச் சரி செய்திருக்கலாம். அசிங்கமாக இருக்கிறது என்று கை வைக்கவில்லை."

அவள் படித்தாள். அந்த மூன்று வெற்றுப் பக்கங்களையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கோபம் வந்து கத்துவாள், நோட்டை வீசுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் படிவத்தைக் கேட்டு வாங்கி, மேசைமேல் வைத்து, அளவுகோலை வைத்து, ஒரே ஒரு கோடு போட்டாள். துணி வெட்டுகிறவளின் கோடு, அவ்வளவு நேர். கொடுத்துவிட்டுப் பாடத்தைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வாக்கியத்தை அடித்திருந்தாள். இரண்டாவதை அப்படியே விட்டிருந்தாள். சுளிப்பு அதைக் கொண்டுபோய் மேற்பார்வையாளர் மேசையில் வைத்தார். போன முறை போன ஆளின் ஊழியர் எண் என்று கேட்டிருந்த கட்டத்தில் தன் எண்ணை எழுதியிருந்தார்.