உதைக்காத கால்

பணிமனையில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுபவர்; குரலை அடக்கிப் பேசத் தெரியாது. நேர்மையான ஆள் என்பார்கள். மனதில் பட்டதைச் சத்தமாகச் சொல்வதும் நேர்மையும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் தெரியவரும்படி அதுவரை அவருக்கு எதுவும் நேர்ந்ததில்லை.

ஞாயிறு காலைகளில் மனைவியின் அண்ணனைச் சேர்த்துக்கொண்டு இறகுப்பந்து ஆடுவார். மச்சான் தையற்கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். வலையருகே ஹாரன், பின்னால் மச்சான்.

“மாப்ளே, கொஞ்சம் நகரு. உன் முதுகைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல.”

“தெரிஞ்சா மட்டும்? நீ அடிக்கிறதெல்லாம் கூரைக்குத்தானே போகுது!”

அந்த ஞாயிறு, உயரமாக வந்த பந்துக்கு இடது காலை ஊன்றி எம்பினார். ‘டப்’ என்று குதிகாலுக்கு மேலே ஓர் உதை. விழும்போதே திரும்பிப் பார்த்தார். பின்னால் மச்சான் மட்டும்தான் இருந்தார்.

“எதுக்குய்யா உதைச்சே?”

அரங்கம் முழுக்கக் கேட்டது. தூக்கிவிடக் குனிந்தவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். மச்சான் மட்டையை விடாமலே விழுந்தார். மட்டையின் கைப்பிடிக்கும் தரைக்கும் நடுவே சிக்கி, வலது கட்டைவிரல் வெளிப்பக்கமாக மடங்கியது.

மருத்துவமனையில் டாக்டர் ஹாரனைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினார். பாதம் அசையவில்லை.

“குதிகால் நாண் முழுசா அறுந்திருக்கு. யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சா?”

“மாதிரி என்ன சார், உதைச்சான்.”

“இந்தக் காயத்தோட வர்றவங்க நிறையப் பேரு இதையேதான் சொல்றாங்க. நாண் அறுந்தா அப்படித்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தா பின்னால யாரும் இருக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒருத்தர் இருந்திருக்கார், அவ்வளவுதான்.”

மறுநாள் குதிகாலுக்கு மேலே கீறி, பிரிபிரியாகக் கிடந்த இரு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து மாவுக்கட்டு போட்டார்கள். அறைக்குக் கொண்டுவந்தபோது, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மச்சான் காத்திருந்தார்.

“ராத்திரி பூரா யோசிச்சேன் மாப்ளே. ஓடி வந்த வேகத்துல என் கால்தான் பட்டிருக்கும்போல. மன்னிச்சுக்க.”

‘நீ உதைக்கல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மயக்கம் தெளியவில்லை என்று பிற்பாடு தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால், அவரைத் தள்ளிவிட்டதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

“விடு மச்சான்” என்றார், மன்னித்தவரின் குரலில்.

ஆறு வாரம் மச்சான் தினமும் காலையில் வந்தார். தோள்கொடுத்துக் குளியலறைக்கு நடத்திப் போனார், நல்ல காலுக்குச் செருப்பை மாட்டிவிட்டார். சட்டைப் பொத்தானைப் போடும்போது அவர் கட்டைவிரல் வழுக்கி வழுக்கி விலகியது. ஹாரன் பார்த்தார்.

“அண்ணா, அந்த விரலைக் கொண்டுபோய்க் காட்டேன்” என்றாள் தங்கை.

“வெறும் சுளுக்குமா. முதல்ல உன் புருஷன் நடக்கட்டும்.”

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டரே அதைக் கவனித்தார். விரலைப் பிடித்து ஆட்டினார். கீல் கழன்ற கதவு போல ஆடியது.

“எப்போ ஆச்சு?”

“அதே நாள்தான் சார்.”

“உள்ள இருக்கிற தசைநார் அறுந்து மடங்கிக் கிடக்கு. நடுவுல சவ்வு புகுந்துட்டா தானா ஒட்டாது. ரெண்டு, மூணு வாரத்துல வந்திருந்தா எலும்போட சேர்த்துத் தைச்சிருப்பேன். இனிமே மணிக்கட்டுலேர்ந்து ஒரு நாணை எடுத்து வைக்கணும். பழைய பிடி வரும்னு என்னால சொல்ல முடியாது.”

வரவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதமாகியும் கோட்டுத் துணியில் கத்தரிக்கோல் பாதியிலேயே நின்றது. கடைக்காரர் வேறு மாஸ்டரை வைத்துக்கொண்டு, மச்சானை இஸ்திரி மேசைக்கு மாற்றினார். ஹாரன் அதற்குள் பழையபடி கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் சீருடையோடு கடைக்குப் போய் அந்த மேசையருகே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துத் தையல்காரருக்குக்கூடக் கேட்கவில்லை.

மச்சான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“டாக்டர் எப்போ சொன்னாரு?”

“அன்னைக்கே. ஆபரேஷனுக்கு முன்னாடி.”

“உன் காலை ஒடைச்சுட்டு, போயும் போயும் ஒரு விரலைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட நிக்கிறதான்னு கூச்சமா இருந்துச்சு” என்றார் மச்சான். “அதான் போகல.”

“திட்டு மச்சான். ரெண்டு அடியாவது அடி.”

மச்சான் அடுத்த சட்டையை இடது கையால் விரித்தார்.

“வண்டிக்கு நேரமாச்சு” என்றார். “நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை.”

தங்கையைக் கட்டிக்கொடுத்த பதினெட்டு வருடத்தில் அவர் ஹாரனை ‘நீங்க’ என்று சொன்னதில்லை.