நிறுத்தக் கூடாத மோட்டார்

ஒரு பம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. எவ்வளவு திரவம், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று பார்த்து, வந்த விடைக்கு மேல் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிப் போடுவோம். குழாயின் மறுமுனை எங்கே போய் முடிகிறது என்பது வேறு பிரிவின் தலைவலி. கேட்டால், உன் வேலையைப் பார் என்பார்கள். நானும் அதையே பார்த்துப் பழகிவிட்டேன்.

போன மழையில் சடையங்குப்பத்தில் அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சுவர் ஊறி, அரிசி மூட்டை ஊறி, கரண்டும் இல்லை. தெரிந்த கான்ட்ராக்டரிடம் டீசல் பம்ப் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். தொழில் புத்தி, தேவைக்கு ஒரு சைஸ் பெரியது. அங்கே பம்ப் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, எல்லாமே மோட்டார்தான். "எங்க தம்பி மோட்டாருக்கே கணக்கு போடுறவன், தெரியுமா?" என்று அக்கா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹோஸின் மறுமுனையைப் பின்பக்கச் சந்தில் தள்ளிவிட்டு ஓடவிட்டேன்.

அருமையாக ஓடியது. வாசல்படி தெரிய ஆரம்பித்தபோது பின்தெருவிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தார்.

"இன்னாண்ணே, உங்க தண்ணி பூரா எங்க வூட்டுக்குள்ள வந்துகினு கீது. கட்டில் மேல ஏறி குந்திகினு கீறோம். கொஞ்சம் நிறுத்துங்கண்ணே."

என் கை சுவிட்ச் பக்கம் போனது. அக்கா முந்திக்கொண்டாள். "நடுவுல நிறுத்துனா மோட்டாரு எரிஞ்சிபூடும்மா. இன்ஜினீயரு இவன், இவனையே கேளு. இன்னாடா?"

பச்சைப் பொய். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். உள்ளே தண்ணீர் வராமல் வெறுமனே ஓடினால்தான் கெடும். நனைந்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னையே பார்த்தாள்.

"ஆமா," என்றேன். இவ்வளவு படித்தது இந்த ஒரு சொல்லுக்குத்தானா என்று இன்றும் கூசுகிறது. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அக்கா வீட்டில் தண்ணீர் வடிந்தது. உள்ளே கிடந்த குழாய் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து, பம்ப் கரகரவென்று கத்தத் தொடங்கியது. நிறுத்த எழுந்தேன். அதற்குள் சத்தம் கேட்டு அதே பெண் ஓடிவந்தார். குழந்தையை எங்கோ விட்டுவிட்டு, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய கலங்கல் தண்ணீர்.

"தண்ணி தீந்து நின்னா எரிஞ்சிடப் போவுதுண்ணே, சீக்கிரம் ஊத்துங்க," என்றார், மூச்சு வாங்க. "இன்னும் வோணும்னா எங்க வூட்ல நெறைய கீது."

குடத்தை வாங்கி, குழாயின் வாயில் ஊற்றினேன்.