வாக்கை நம்பி நகர்த்திய அட்டை

அந்தப் பகுதித் தாய்மார்களுக்கு அவள் ‘அலாரம் அக்கா’. பத்து வருடமாக ஆஸ்பத்திரியில் தடுப்பூசித் தவணையை நினைவூட்டுவதுதான் அவள் வேலை. எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் தடுப்பூசியோ, அவள் பெட்டியில் அந்த மாதத்து அறையில் அதன் அட்டை நிற்கும். ஃபோன் செய்வாள், வராவிட்டால் வரும்வரை விடமாட்டாள். ஊசி போட்டு நர்ஸ் கையெழுத்திட்ட பிறகுதான் அட்டை அடுத்த தவணைக்கு நகர வேண்டும்.

காலையில் டாக்டர் நின்றபடியே கேட்டார். “மார்க்கெட் பின்தெருவுல ஒரு குழந்தைக்குத் தட்டம்மை. அங்க ஊசி போடாத குழந்தை ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுகூட இல்லை டாக்டர்.”

சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. பெட்டியைக் குடைந்தாள். பதினோரு மாதப் பையன் ஒருவனின் அட்டை ஆறு மாதம் தள்ளி நின்றது. தட்டம்மைக் கட்டத்தில் கையெழுத்து இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் “நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்க்கா” என்று அவன் அம்மா சொன்னதும், ஒரு வேலை முடிந்ததென்று முந்திக்கொண்டு நகர்த்தியது அவளேதான்.

அந்த அம்மாவின் ஃபோன் அணைந்திருந்தது. நடையும் ஓட்டமுமாகப் பின்தெருவுக்குப் போனாள்; தட்டம்மை வந்த வீட்டுக்கு அடுத்த வீடுதான்.

“என்னக்கா, அலாரம் வீடு தேடி வந்துடுச்சு?” துணி மடித்துக்கொண்டிருந்த தாய் சிரித்தாள்.

“பையனுக்குக் காய்ச்சல், சளி ஏதாவது?”

“நல்லாத்தான் இருக்கான்.”

பையனின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. “பக்கத்து வீட்டுக்குப் போனானா?”

“முந்தாநாள் அங்கதான் விளையாடினான். ஏன்?”

“அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தட்டம்மை. இவனுக்கு ஊசி போடலை. கிளம்பு.”

தாயின் சிரிப்பு போய்விட்டது. “அன்னிக்கு மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க, வர முடியலை. தினமும் உயிரை எடுப்பீங்க, அப்புறம் ஃபோனே வரலை. அவசரமில்லபோலன்னு விட்டுட்டேன்.”

“தப்பு என்னுதுதான். நட.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். “கூட விளையாடின மூணு நாளைக்குள்ள போட்டாச்சு, பெரும்பாலும் தப்பிச்சுக்குவான்,” என்றார் டாக்டர். “ரெண்டு மூணு வாரம் கவனமா பாருங்க. காய்ச்சல்னா முதல்ல ஃபோன் பண்ணுங்க.” பிறகு அவளிடம் திரும்பினார். “இவன் எப்படி விட்டுப்போனான்?”

அட்டை எப்படியோ இடம் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். நாக்குவரை வந்தது.

“வர்றேன்னு சொன்னதை நம்பி நான்தான் நகர்த்தினேன் டாக்டர்.”

“இப்படி வேற எத்தனை?”

“தெரியலை.”

அவள் எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டினாள். முதல் இரண்டில் கையெழுத்து இருந்தது. மூன்றாவதில் இல்லை. ஃபோனை எடுத்தாள்.