ஏழாம் பாகம் கேட்ட கேள்வி

லிஃப்ட் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் கருவிப்பையோடு வந்து நிற்பவள் அவள்தான். கதவைத் திறந்து ஆட்களை வெளியே விட்ட கையோடு, உள்ளே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தீர்களா என்று கேட்பாள். யார் படித்திருக்கப் போகிறார்கள்? அப்புறம் அவள் விடுகிற டோஸில், பேசாமல் உள்ளேயே இருந்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

இப்பேர்ப்பட்டவளுக்கு எதில் உயிர் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'உச்சி' என்ற வீடியோ கேமில். பகலெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்கியது போதாதென்று, வீட்டுக்கு வந்து திரையிலும் கோபுரம் ஏறுவாள். கூட ஏறுவது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி.

முதல் பாகம் வந்தபோது அவளுக்கு வயது பதினாலு. கொடுமையான ஆட்டம் அது. ஒரு தாவல் தவறினால் தரையிலிருந்து மறுபடி ஏற வேண்டும். இரண்டாம் பாகத்தில் விழுந்த மாடியிலிருந்தே தொடரலாம் என்றார்கள். இருவருக்கும் தலைகால் புரியவில்லை. மூன்றில் இருவர் சேர்ந்து ஏறலாம். நான்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. காட்சி தானாகத் திரும்பித் திரும்பி, தம்பிக்கு வாந்தியே வந்துவிட்டது. ஐந்தில் அந்தக் கூத்தையெல்லாம் சரிசெய்து, இருவர் இடுப்பையும் ஒரே கயிற்றால் கட்டிவிட்டார்கள். ஆறில், விழப்போகிறவரை மற்றவர் எட்டிக் கையைப் பிடிக்கலாம். சும்மா சொல்லக்கூடாது, ஒரு நான்கைத் தவிர ஒவ்வொன்றும் முந்தினதைத் தூக்கிச் சாப்பிட்டது.

புதுப் பாகம் வருகிற நாளில் இருவரும் லீவு போட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் வரும் பயிற்சியை மட்டும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதன் முதல் வரி திரையில் விழுவதற்குள் யார் அதைத் தாண்டிப் போவது என்பதே ஒரு போட்டி. பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குப் பாடம் எதற்கு?

ஏழாம் பாகத்துக்கு எட்டு மாதம் முன்பு, ஒரு லிஃப்ட் கதவில் அக்காவின் இடது கை மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பின, கட்டைவிரல் மட்டும் அதன்பின் மடங்கவேயில்லை. ஸ்பானரை வலது கையில் பிடித்து வேலையைச் சமாளித்துவிட்டாள். ஆனால் ஆட்டத்தில் நடப்பது, திரும்புவது எல்லாமே இடது கட்டைவிரலால்தான். தம்பி கூப்பிட்டபோதெல்லாம் ஏழு வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஏழிலும் முடியாவிட்டால் இந்த ஜென்மத்தில் ஆட்டம் அவ்வளவுதான் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஏழு வந்தது. காலை பத்து மணிக்கே இருவரும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கம்போல் பயிற்சியைத் தாண்டினார்கள், போட்டியில் அக்காவே ஜெயித்தாள். முதல் தாவலில் விழுந்தாள். மறுபடி விழுந்தாள். ஒன்பது தடவை ஆனதும் கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டாள்.

"நீ ஆடுடா. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லக் கேட்டான். "லிஃப்ட்ல மாட்டினவங்கள முதல்ல என்னக்கா கேப்ப?"

திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. ஆட்டத்தை முதலிலிருந்து போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பயிற்சியை ஓடவிட்டார்கள். அதன் முதல் வரியே ஒரு கேள்வி: எத்தனை கைகளால் ஆடப்போகிறீர்கள்? கீழே மூன்று பதில்கள். இரண்டு கை. இடது மட்டும். வலது மட்டும்.

அக்கா அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தாள்.

"இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பதான் இதக் கேக்கத் தோணிச்சாடா இவனுங்களுக்கு?"

வலதைத் தேர்ந்தெடுத்தாள். நடை, தாவல், பிடி எல்லாம் ஒரே பக்கம் வந்து சேர்ந்தன. முதல் தாவலைத் தாண்டிவிட்டாள். நான்காம் மாடி வரை ஒரே ஓட்டம். அங்கே தம்பிதான் கால் தவறினான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்குத் திரை எங்கே தெரியும்?

கயிறு விறைப்பதற்குள் அக்கா எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"அழுறத அப்புறம் வச்சுக்க, ஏறு" என்றாள்.

தம்பி ஏறினான். மடங்காத விரலோடு இடது கை அவள் மடியில் கிடந்தது. வெகுநேரம் அதன் நினைப்பே அவளுக்கு வரவில்லை.