சோப்பு டப்பாவுக்கு ஒரு பூச்சி

தம்பி இறந்த வருடம் நான் போன ஒரே சுற்றுலா, செத்த பூச்சி தேடப் போனதுதான். வேறு எதற்கும் என்னைக் கூப்பிட வழியில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருடத்துக்குக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது, மலை ஏறிச் சாமி கும்பிடக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். பூச்சி தேடக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் போனேன்.

பூச்சி என்று சொன்னது நான். தம்பி அதை டிரைலோபைட் என்பான். கடலுக்குள் வாழ்ந்து, பல கோடி வருடங்களுக்கு முன்னால் அடியோடு செத்துப் போய், கல்லாகிக் கிடக்கும் ஒரு ஜீவன். பல்லடத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாடியில் அறிவியல் கூட்டம் நடத்துவார். கீழே மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் நாறும், மேலே சூரியக் குடும்பம் நடக்கும். அவரை எல்லோரும் சார் என்றார்கள். அவரிடமிருந்த பெரிய இங்கிலீஷ் புத்தகத்தில்தான் தம்பி அதன் படத்தைப் பார்த்தான். அதைத் தேட எல்லோரும் வேனில் போவதாக ஏற்பாடு. அப்போது அவன் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். நான் ஐந்தாவதோடு நின்றவள், தறிக் குடோனில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எனக்கு விளக்குவான்.

“அக்கா, அதுக்கு ஒடம்பு மூணு பாகம். நண்டு, மரவட்டைக்கெல்லாம் ஒறம்பர, சொந்தக்காரன். கண்ணே சுண்ணாம்புக்கல்லுதான்.”

“கல்லுக் கண்ண வெச்சுட்டு எப்படிடா பாத்துச்சு?”

“கண்ணாடி போட்டுப் பாக்கறாங்கல்ல, அந்தாட்டந்தான்.”

“செத்த பூச்சியத் தேடி வேன் வெச்சுப் போறவங்கள இப்பத்தான் பாக்கறேன்.”

“சிரி, சிரி. கொண்டாந்து காட்டறப்ப வாயப் பொளப்பே.”

கொண்டு வந்தால் வைப்பதற்கு ஒரு சோப்பு டப்பாவையும் தயார் செய்தான். குடோனில் இருந்து கழிவுப் பஞ்சு எடுத்து வந்து உள்ளே மெத்தை போட்டு அலமாரியில் வைத்தான். பூச்சி வருவதற்கு முன்னால் அதற்கு வீடு கட்டி முடித்த ஆள் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். ஆடி மாதம் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியும் கொடுத்தோம், பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனோம். எதுவும் கேட்கவில்லை.

அவன் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் அம்மா மூட்டை கட்டி வைத்தாள். சோப்பு டப்பாவை மட்டும் தொடவில்லை. அது அலமாரியில் பஞ்சோடு, காலியாக, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. அதற்குள் ஒன்றைப் போட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தை பிறந்ததும் சார் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி பேரு குடுத்திருந்துச்சுங்க. எடம் அப்படியே இருக்குது. நீ வர்றியா கண்ணு?” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன்.

சாரின் கணக்கு சுலபமானது. சுண்ணாம்புக்கல் என்பது கடல் ஜீவன்களின் ஓடு சேர்ந்து ஆனது. நமக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இருப்பது சங்ககிரியில். ஆகவே டிரைலோபைட் சங்ககிரியில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்களில் யாருக்கும் மறுத்துப் பேசுகிற அளவுக்கு எதுவும் தெரியாது.

மாடிக் கூட்டத்து ஆட்களை மட்டும் ஏற்றினால் வேனில் பாதி காலியாக இருந்தது. மீதியைச் சாரின் மனைவி நிரப்பினார். அவருடைய ஒறம்பரை சிலர், எதிர் வீட்டுப் பெரியம்மா, பெரியம்மாவின் முறுக்கு டின். ஏறி உட்கார்ந்ததும் சாரின் மனைவி சொன்னார்: “வேன் போறதே போகுது, அப்படியே அவிநாசி பாத்துட்டுப் போயிரலாங்க.”

பாத்துட்டுப் போனோம். அதாவது, அவர்கள் பார்த்தார்கள். கோபுரத்தைக் கண்டதும் பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, நீ வேன்லயே இருந்துக்கோ. உனக்கு ஆகாது.”

“மலைக்கோவிலுக்குத்தானுங்க ஆகாது? இது தரையிலதானே இருக்குது” என்றார் சாரின் மனைவி.

“தரையில இருந்தா என்ன, கொடிமரம் இருக்குதில்ல? கொடிமரம் இருக்கற கோவிலுக்கு வருசம் திரும்பற வரைக்கும் ஆகாதுங்க.”

டிரைவர்தான் தீர்த்து வைத்தார். “நானும் தங்கச்சியும் வேனப் பாத்துக்கறோமுங்க. செருப்பெல்லாம் இங்கயே உட்டுப்போட்டுப் போங்க.”

ஒவ்வொருவராகச் செருப்பை என் காலடியில் கழற்றிவிட்டு, “வெசனப்படாதே கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தனை மரியாதையாக ஒருத்தியை வெளியே உட்கார வைக்க எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அப்புறம் சென்னிமலை. அது மலையேதான், அதனால் பேச்சே எழவில்லை. கல் உடைக்கச் சுத்தியல் கொண்டு வந்திருந்த தம்பியின் சிநேகிதன்கூட, பரீட்சையில் அரியர் இருக்கிறது, வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினான். “நமக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஊட்டுல தனியா ஏறமாட்டாங்க, அதனாலதான்” என்று டிரைவரிடம் விளக்கம் சொல்லிவிட்டுச் சாரும் ஏறினார். இறங்கி வரும்போது எல்லோரையும்விடப் பட்டையாக அவர் நெற்றியில்தான் திருநீறு இருந்தது.

காத்திருந்த நேரத்தில் டிரைவர் கேட்டார்: “ஏன் தங்கச்சி, அந்தப் பூச்சிக்கு வெஷம் உண்டா?”

“செத்துப் பல கோடி வருசமாச்சுங்ணா.”

“அப்ப அவசரமில்ல.”

அதற்கு அவசரமில்லைதான். உச்சி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எனக்குத்தான் வெளிச்சம் போய்விடுமே என்று இருந்தது.

அடுத்தது பவானி. வேன் ஆறுகள் சேரும் கூடுதுறைக்குத் திரும்பியதும் உள்ளே பேச்சு நின்றுவிட்டது. ஆடியில் தம்பியின் சாம்பலை இங்கேதான் கரைத்தோம் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆத்துக்கு எறங்கலாம் கண்ணு. ஆத்துக்குத் தோசமெல்லாம் கெடையாது.”

“வேண்டாமுங்க. போன தடவையே பாத்துட்டேனுங்க” என்றேன்.

 கோவிலில் கும்பிட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். வந்த பிறகு ஜமக்காளம் வாங்கப் போனார்கள். சாமிக்கு ஆனதைவிட ஜமக்காளத்துக்கு நேரம் அதிகம் ஆனது. நிறம் ஒத்துப் போகவில்லை என்று இரண்டு கடை ஏறி இறங்கினார்கள். நான் வேனில் உட்கார்ந்து சோப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பக்கம் திரும்பி உட்காரவில்லை.

சங்ககிரிக்கு வெளியே, வேலை நின்று போன சுண்ணாம்புக்கல் குழிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. இறங்கியதும் பெரியம்மா சுற்றிலும் பார்த்தார்.

“இது மலைக்கரடு மாதிரியில்ல இருக்குது? மேல ஏதாச்சும் சாமி இருக்குதான்னு கேட்டுக்கங்க. பாவம், இந்தப் புள்ள வந்திருக்குது.”

“இது குழிங்க. ஏறறதில்ல, எறங்கறது” என்றார் சார்.

பெரியம்மா யோசித்தார். “எறங்கறதுக்கு ஒண்ணும் சொன்னதில்ல.”

அவர் மனசு மாறுவதற்குள் முதல் ஆளாக நான் இறங்கிவிட்டேன்.

எல்லோரும் தேடினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. என்ன தேடுகிறோம் என்பதில்தான் ஆளுக்கொரு எண்ணம். பளபளவென்று வெள்ளைக் கல்லாகப் பொறுக்கி மீன் தொட்டிக்கு ஆகும் என்று ஒருவர் முந்தானையில் கட்டினார். பெரியம்மா கோழி எலும்பு ஒன்றை எடுத்து, “இதாங்களா பாருங்க” என்று சாரிடம் நீட்டினார். சிநேகிதன் சுத்தியலால் உடைத்த கல்லெல்லாம் உள்ளே சர்க்கரைக் கட்டி மாதிரி வெள்ளையாக மினுங்கியது. ஓடும் இல்லை, வரியும் இல்லை. உடைக்க உடைக்கச் சாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அந்தக் கல் பூமிக்குள்ளேயே வெந்து உருமாறிப் போன கல், அதில் எந்த ஜீவன் இருந்திருந்தாலும் தடம் மிஞ்சாது, டிரைலோபைட் வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும் என்றெல்லாம் அவரே பிறகொரு நாள் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னார். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. வெந்த கல்லில் பூச்சி தேடினோம்.

குழியின் ஓரத்தில், சரிந்து கிடந்த மண்ணுக்குள் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. கோழிமுட்டை அளவு, சாம்பல் நிறம். நடுவில் ஒரு புடைப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்று பாகம். மேலே கண் மாதிரி இரண்டு புள்ளி.  எச்சில் தொட்டு முந்தானையில் துடைத்தேன். டப்பாவைத் திறந்து பஞ்சின் மேல் வைத்து மூடிப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் மூடியது. அவன் இதன் அளவைப் பார்த்துத்தான் டப்பா எடுத்தானோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம் வெளியே எடுத்துச் சாரிடம் கொண்டு போனேன்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. “இருக்கலாம் கண்ணு” என்றார்.

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அவர் மனைவி கல்லை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார்.

“ஏனுங்க, இது புள்ளையாருங்க.”

பெரியம்மா ஓடி வந்தார். “அட ஆமா. தொந்தி பாருங்க, தும்பிக்கை பாருங்க.”

அதற்குப் பிறகு யாரும் பூச்சி தேடவில்லை. பவானியில் மிச்சமான கற்பூரம் பையில் இருந்தது. குழி மேட்டிலேயே அருகம்புல் இருந்தது. புது ஜமக்காளத்தைப் பிரித்து அதன் மேல் கல்லை வைத்தார்கள். சாரின் கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே மாடம் வைத்து இருத்தினால் வியாபாரம் நிற்காது என்று ஒருவர் சொன்னார். சாருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. பெரியம்மா கற்பூரத்தைப் பற்ற வைத்துவிட்டுத் தலையைத் திருப்பி என்னிடம், ரொம்பக் கனிவாக, “நீ சித்த தள்ளி நில்லு கண்ணு” என்றார்.

மூன்று கோவிலுக்கு வெளியே நின்றாகிவிட்டது. அங்கெல்லாம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. குழியிலிருந்தும் தள்ளி நிற்கச் சொன்னபோதுதான் டப்பாவைப் பிடித்திருந்த கை வலித்தது.

“பெரியம்மா, அதை நான் தொட்டுட்டேனுங்க” என்றேன்.

“தெரியாமத் தொட்டதுதானே கண்ணு. தண்ணி ஊத்திக்கலாம்.”

“தெரிஞ்சுதானுங்க தொட்டேன். எச்சில் போட்டுத் தொடச்சேனுங்க.”

“செரி, பால் ஊத்திக்கலாம்.”

“தம்பி டப்பாவுல வெச்சு மூடியும் பாத்துட்டேனுங்க.”

“எந்த டப்பா?”

காட்டினேன். “அவன்றது. அவன் போட்ட பஞ்சு.”

பெரியம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காலையிலிருந்து அத்தனை விதியையும் சொன்னவர் அவர்தான். இதற்கு மட்டும் விதிவிலக்கு சொன்னால் அவிநாசியிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டும். கற்பூரம் எரிந்து அணைந்தது. ஜமக்காளத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது.

“செத்தவங்க சாமான்ல வெச்சதச் சாமியா வெக்கறது ஆகாதுங்க” என்று கடைசியில் அவரே சொன்னார்.

“வருசம் திரும்புனதுக்கப்பறம்?” என்று சாரின் மனைவி மெல்லக் கேட்டார். 

“எடுத்துக்கோ கண்ணு” என்றார் சார்.

குனிந்து எடுத்தேன். கல் கற்பூரச் சூட்டோடு இருந்தது. தள்ளி நிற்க வைத்த அதே துக்கம் அதை என் கையில் கொடுத்தது என்று அப்போது நான் நினைக்கவில்லை. பிடுங்கிக்கொள்வார்களோ என்று மடியில் வைத்துப் புடவையைச் சுற்றிக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் முறுக்கு டின் என்னிடம்தான் முதலில் வந்தது.

வீட்டு வாசலில் வேன் நின்றதும் எல்லோரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். சாவு வீட்டில் “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது இல்லையா. டிரைவர் மட்டும், “பூச்சி பத்திரம் தங்கச்சி” என்றார்.

அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கெடச்சுதா?”

“கெடச்சுதுங்கம்மா.”

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். கல்லை எடுத்து டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள். சாரிடம் இல்லாத பொறுமை அம்மாவிடம் இருந்தது. 

“புள்ளையாராட்டம் இருக்குதே” என்றாள்.

“நம்ம கும்பிடக் கூடாதுங்கம்மா. ஆடி திரும்போணும்.”

 அம்மா கல்லைப் பஞ்சின் மேல் வைத்தாள், தம்பி சொன்ன கண்கள் மேலே வரும்படி.

“அப்ப ஆடி வரைக்கும் பூச்சியாவே இருக்கட்டும்” என்று சொல்லி டப்பாவை அழுத்தி மூடினாள்.